நல்ல புகை

என் மனைவி பாட்டைப் பாதியில் நிறுத்தி நான் கேட்டதில்லை. அரிசி களையும்போது பாடுவாள், துணி உலர்த்தும்போது பாடுவாள். யாராவது கூப்பிட்டால் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் "இன்னா" என்பாள். அதனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் அவள் குரல் ஓர் அடியின் நடுவில் நின்றபோது, மைக் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்களுடையது கரையான்சாவடி மெயின் ரோட்டை ஒட்டிய சின்னக் கத்தோலிக்கக் கோவில். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, பூசை முடிந்ததும் நற்கருணை ஆசீர் நடக்கும். பொன்நிறக் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பத்தைப் பீடத்தின் மேல் வைத்து, ஃபாதர் முட்டிபோட்டுத் தூபம் காட்டுவார். அந்த நேரத்தில்தான் பாட்டு. பாட்டைத் தொடங்கி வைப்பவள் என் மனைவி. தூபக்கலசத்தில் கனல் போட்டு, சாம்பிராணி தூவி, ஃபாதர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கி ஆட்டிக்கொண்டிருப்பவன் நான். மற்றவர்கள் புருசனும் பெண்டாட்டியுமாகக் கடை வைப்பார்கள், இட்லி வண்டி போடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான். அவள் குரலும் என் புகையும் ஒரே நேரத்தில் மேலே போகும்.

எனக்கு அந்த வேலை வந்ததே பேசத் தெரியாததால்தான். நான் ஐந்தாவதோடு நின்றவன். கோவிலில் வாசகம் வாசிக்க, அறிவிப்பு சொல்ல, மன்றாட்டு சொல்ல என்று ஆள் தேடும்போதெல்லாம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பீடச் சிறுவர்கள் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை மாலையில் டியூஷன் இருந்தது. முன்பிருந்த ஃபாதர் ஒருநாள் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நீ வாப்பா, இதைப் பிடி, வாயைத் திறக்கவே வேணாம்" என்று தூபக்கலசத்தின் சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

வாயைத் திறக்க வேண்டாம் என்பதால் கைக்கு நிறையக் கற்றுக்கொடுத்தேன். சங்கிலி உரசாமல் தூக்க வேண்டும். மூடியை எவ்வளவு உயர்த்தினால் கனல் அணையாது என்று தெரிய வேண்டும். சாம்பிராணியைக் கரண்டியில் குவித்துப் போட்டால் வெள்ளை வெளேரென்று கிளம்பி, பீடத்தை மூடி, ஃபாதரின் தலைக்கு மேலே போய் மின்விசிறியில் மாட்டி, கோவில் முழுக்கப் பரவும். முதல் வரிசையில் உட்காரும் ஒரு வயதான அம்மா வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, "இன்னிக்கு நல்ல பொகை நைனா. சாமியே மேகத்துல எறங்கி வந்த மாறி கீது" என்பார். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அடுத்த மாதம் கரண்டியில் இன்னும் கொஞ்சம் கூடும். புகை அதிகமானால் ஜெபமும் அதிகமாகும் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

பாட்டு நின்ற அன்று, கையில் சங்கிலி இருந்ததால் நான் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. அவள் இருமல்தான். பாடற்குழுவில் இருந்த இன்னொரு பெண் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் கேன் போடுகிறவன். சின்ன லோடு வண்டி, பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன.

"இன்னாமே ஆச்சி?"

"ஒன்னுமில்ல. ரோட்டுத் தூசு."

ரோட்டில் தூசு இருந்தது உண்மைதான். மெட்ரோ ரயிலுக்காக நடுரோட்டில் தூண் தூணாக எழுந்த காலம் அது. தோண்டிய மண் ஓரத்தில் குவிந்து கிடக்கும். லாரி போனால் எழும்பும், அடங்குவதற்குள் அடுத்த லாரி வரும். கடைக்காரர்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். நானும் தூசு என்றே நம்பினேன். ஆனால் ராத்திரி அவள் படுத்ததும் நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் போனோம். வயதானவர், பொறுமைசாலி. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். பாட்டுக்காரியாயிற்றே என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயிலிருந்த முள் கொஞ்சம்தான் நகர்ந்தது.

"மூச்சுக்குழாய் சுருங்குது. இன்ஹேலர் தரேன், பயப்பட ஒன்னுமில்ல" என்றார் டாக்டர். "ஆனா மருந்து பாதி வேலைதான் செய்யும். எந்தப் புகை உங்களுக்கு ஆகலைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதைவிட்டு விலகி இருக்கணும். இல்லன்னா பாட்டையெல்லாம் கொஞ்ச நாள் ஓரமா வைக்க வேண்டியதுதான்."

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடு ரோட்டோரமா? பக்கத்தில் குப்பை கொளுத்துகிறார்களா? கொசுவத்திச் சுருள் உண்டா? சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா? புது பெயின்ட் அடித்தீர்களா? அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"வீட்ல சாம்பிராணி போடுவீங்களா?"

"வீட்லயா? இல்லவே இல்ல டாக்டர்."

அது பொய் இல்லை. வீட்டில் நாங்கள் போடுவதில்லை. நான் வாயைத் திறக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். மேசைக்கு அடியில் அவள் செருப்புக் கால் என் கால்மேல் ஏறி அழுத்தியது. டாக்டர் எழுதி முடித்துத் தாளைக் கிழிக்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏம்மே மிதிச்ச?" என்றேன்.

"எறும்பு ஏறுச்சி ஒன் கால்ல."

அப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் பேச விருப்பமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் இருக்கிறதே, முதலில் அதைப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

கொசுவத்திச் சுருளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, கட்டிலுக்கு வலை கட்டினேன். வலைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் "மாப்ள வந்துட்டாரு, பந்தல்ல ஒக்காருங்க" என்பாள். பக்கத்துக் காலி மனையில் சாயந்திரமானால் பிளாஸ்டிக் பையும் தெர்மகோலும் சேர்த்துக் கொளுத்துவார்கள். அதை நிறுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை, அவள்தான் போய்ச் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டே சண்டை போட்டதைப் பார்த்து அவர்களே பயந்து நிறுத்திவிட்டார்கள். காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி உறுமவிடுவது என் பழக்கம். டீசல் புகை நேராகப் படுக்கையறை ஜன்னலுக்குத்தான் போகும். அதை யோசித்ததே இல்லை. தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்தேன்.

அந்த நாட்களில்தான் காற்றை மோந்து பார்க்கப் பழகினேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் ஒரு சந்தில் பெயின்ட் அடிக்கும் பட்டறையின் இனிப்பு வாசனை, அடுத்த சந்தில் இரும்பு உருக்கும் இடத்தின் காந்தல். ஆவடி போகிற வழியில் சிக்னலில் நின்றால் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் சேர்ந்து கக்கும் கறுப்பு. மாங்காட்டில் அம்மன் கோவிலைத் தாண்டினால் புதுக் கட்டடங்களின் சிமென்ட் தூள். எத்தனையோ வருடமாக இதே வழியில் போகிறேன். அதுவரை அதெல்லாம் எனக்கு ஊரின் வாசனை. இப்போது ஒவ்வொன்றும் அவள் நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்று மட்டும்தான் தோன்றியது.

வீட்டுக்கு நான் செய்த பெரிய வேலை ஜன்னல். ரோட்டுத் தூசு உள்ளே வரக் கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்குகளில் துணி திணித்து, மேலே டேப் ஒட்டினேன். சமையலறை ஜன்னலையும் விடவில்லை. காற்றே வராத அந்த வீட்டைப் பார்த்து எனக்கு அவ்வளவு திருப்தி. அவளும், "பரவால்ல, கைவேலை தெரிஞ்ச ஆளு" என்றாள். ஆனால் இருமல் கூடியது. அவள் அடுப்படியில் நின்றால் போதும், வந்துவிடும்.

அதற்கு விடை கிடைத்தது ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடி வீட்டில். அங்கே கேன் வாங்கும் பெண் திருநெல்வேலிப் பக்கத்தவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்பவர். அன்று கேனை உள்ளே கொண்டுவந்து வைத்து நிமிர்ந்தேன். கூடத்து மூலையில் நின்ற வெள்ளை நிற மெஷின் ஒன்று திடீரென்று உறுமி, அதன் நெற்றியில் நீலமாக இருந்த விளக்கு சிவப்பாக மாறியது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் அது. அழுக்குக் காற்று வந்தால் சிவப்பு காட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடம்பு கூசியது. சட்டையில் டீசல், காலில் மண். திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனேன்.

அந்தப் பெண் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, எங்க பின்னாடியே நடக்கிய? அது உங்களால இல்ல. நான் மொளகா வத்தல் தாளிச்சேன்லா, அதுக்குக் கத்துது."

"தாளிச்சாவா?"

"தாளிச்சா, தோசை தீய்ஞ்சா, ஊதுபத்தி கொளுத்துனா எல்லாத்துக்கும் கத்தும். லாரிக்குக்கூட இவ்வளவு கத்தாது. வீட்டுக்குள்ள உண்டாவுற புகை வெளிய போவ வழி இல்லேன்னா அங்கனயே சுத்தும்லா. எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தா சமைக்கவே பயப்படுதாவ."

இதைச் சொல்லிவிட்டு அவர் சமையலறை ஜன்னலைத் திறந்தார். நான் காலிக் கேனை எடுக்க மறந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு மெதுவாக ஆரஞ்சாகி, பிறகு நீலமானது.

அன்று மதியமே வீட்டுக்குப் போய் சமையலறை ஜன்னலின் டேப்பை உரித்தேன். அது பின்பக்கம், ரோட்டுக்கு எதிர்ப்புறம். அதற்குமேலே ஒரு பழைய விசிறியை வெளியே பார்க்கப் பொருத்தினேன்.

"போன வாரம் ஒட்டுன, இந்த வாரம் பிக்கிற" என்றாள். "அடுத்த வாரம் கூரையப் பிக்கப் போறியா?"

"தாளி" என்றேன்.

"இன்னாது?"

"மொளகா போட்டுத் தாளியேன், பாக்கலாம்."

தாளித்தாள். புகை நேராக வெளியே போனது. அவள் இருமவில்லை. நான் என்னவோ புயலையே திருப்பி அனுப்பியவன் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றேன். அவள் கரண்டியைக் காட்டி, "இன்னா, மெடல் வேணுமா, வடகம் வேணுமா?" என்றாள்.

வீட்டில் இருமல் அடங்கியது. ராத்திரி விசில் நின்றது. அடுத்த முதல் வெள்ளிக்கிழமை சந்தோஷமாகத்தான் போனோம். முதல் இரண்டு அடியை அவள் பாடினாள். மூன்றாவதில் என் முதுகுக்குப் பின்னால் அதே இருமல். இந்த முறை நிற்கவே இல்லை. செருப்பு மாட்டாமல் வெளியே ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

அதற்குமேல் வேறு எதையும் குற்றம் சொல்ல மிச்சமில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், தெரியாத மாதிரி வீடு வந்து சேர்ந்தோம். அந்த வாரமே அவள் பாடற்குழுவில் அந்த இன்னொரு பெண்ணிடம் மைக்கையும் பாட்டுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது, நீ பார்த்துக்கொள் என்று சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் புருசன் சொல்லித்தான் தெரியும். இதில் எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறு. அவள் அரிசி களையும்போது பாடுவதையும் நிறுத்திவிட்டாள். அலுமினியக் குண்டானில் அரிசி சுற்றும் சத்தம் மட்டும் வரும். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் நான் அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் மாங்காட்டில் கேன் போட்டுவிட்டு இருவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது சொன்னேன்.

"நான் தூபத்த உட்டுடறேன்மே."

"உட்டுட்டு?"

"உட்டுட்டு இன்னா. நீ பாடு."

"நீ எங்க நிப்ப? தூணுக்குப் பின்னாடியா? திரும்ப மொதல்லருந்து ஒன்ன இழுத்துகினு வரணுமா நானு?"

"அது இன்னா எனக்கு வேலையா, சம்பளம் குடுக்கறாங்களா?"

"யோவ்" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சங்கிலியப் புடிச்சிகினு நடுக்கோவில்ல நடந்து வருவ பாரு, அப்ப மட்டுந்தான் நீ நிமிந்து நடக்கற. மத்த நேரம்லாம் கீழ எதையோ தொலைச்சிட்டவன் மாறி நடக்கற. அத எடுத்துட்டு நான் பாடி இன்னா கிழிக்கப் போறேன்?"

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஹேலரை எடுத்து ஒருமுறை இழுத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கியர் மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

தூபத்தை நிறுத்த அவள் சம்மதிக்க மாட்டாள், நான் நிறுத்தினாலும் பாட மாட்டாள். இதற்கு நடுவில் ஏதாவது வழி இருந்தால் அது ஃபாதரிடம்தான் இருக்க வேண்டும். இப்போதிருக்கும் ஃபாதர் இளையவர், தென்பக்கம் எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். அவர் பங்களாவுக்கும் நான்தான் கேன் போடுகிறேன். ஆனால் "வணக்கம் ஃபாதர்", "சரி ஃபாதர்" இரண்டையும் தவிர அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை. சில நாள் கேனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன், அவர் நிமிர்ந்து பார்த்ததும் வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் காலிக் கேனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டேன். காலிக் கேனை எடுத்தால் நான் உடனே கிளம்புகிறவன் என்று அவருக்குத் தெரியும்.

"என்னங்க, இனிமே கேன் வராதா?" என்றார், கொஞ்சம் பயந்து.

"வரும் ஃபாதர்."

"அப்புறம்?"

"ஃபாதர், என் பொகையிலதான் என் ஊட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது."

யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய் அது ஒன்றுதான் வந்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் கேன் மேல் உட்கார்ந்தேன். டாக்டரில் ஆரம்பித்து சிவப்பு விளக்கு வரை சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றாகத்தான் இருக்கும். ஃபாதர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் எழுந்து கதவை லேசாகச் சாத்தினார்.

"ஒன்னு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க ஃபாதர்."

"எனக்கும் முட்டுது."

நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்க சாம்பிராணி போட்டு என் கையில குடுத்த உடனே நான் மூச்ச அடக்கிக்குவேன். முடியலேன்னா தலையக் குனிஞ்சி அங்கியில மூக்க வச்சிக்குவேன். ஜனங்க ஃபாதருக்கு என்ன பக்தின்னு நெனைக்கிறாங்க."

"ஏன் ஃபாதர் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நான் வந்த மொத மாசமே மொத வரிசையில ஒக்கார்ற அந்தப் பெரியம்மா வந்து, எங்க கோவில் பொகை மாறி சுத்துப்பட்டுல எங்கயும் கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. புதுசா வந்த ஆளு, ஊர்ப் பழக்கத்துல கை வைக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். நீங்களும் அவ்வளவு பொறுப்பாப் பண்றீங்க."

எனக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஒரு கோவிலே இப்படி ஒருவர் முகத்துக்காக ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

பிறகு இருவரும் கோவிலுக்குள் போய்ப் பார்த்தோம். ரோட்டில் ரயில் தூண் வேலை தொடங்கியபோது தூசுக்குப் பயந்து இரண்டு பக்க ஜன்னல்களையும் அடைத்திருந்தார்கள். நான் வீட்டில் செய்த அதே வேலையை, கோவில் காரியங்களைப் பார்க்கும் பங்குச் சபை கோவிலுக்குச் செய்திருந்தது. ரோட்டுப் பக்கம் அப்படியே இருக்கட்டும், தோட்டத்துப் பக்கம் முழுக்கத் திறப்போம் என்றார் ஃபாதர். கடையில் வாங்கும் வட்டக் கரி பற்றும்போதே வெடிமருந்து மாதிரி பொரிந்து நாறும். அதை விட்டுவிட்டு, முன்பு போலக் கொட்டாங்கச்சியைத் தோட்டத்தில் எரித்து, புகை அடங்கிய பிறகு கனலை மட்டும் எடுத்து வருகிறேன் என்றேன். சாம்பிராணி குவித்த கரண்டி இல்லை, நுனிக் கரண்டி.

"தூபம் காட்டி முடிஞ்ச உடனே நீங்க அத எடுத்துக்கிட்டுப் பக்கத்து வாசல் வழியா வெளிய போயிடுங்க. உள்ள வச்சி ஆட்ட வேணாம். ஜெபம் முடியறதுக்குள்ள வந்துடுங்க, போதும்."

அவளை மறுபடி மைக் முன்னால் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ஃபாதருக்கும் முட்டுதாம் என்று சொன்னேன். "பொய்" என்றாள். அவரே ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்ன பிறகுதான் நம்பினாள். நம்பியதும் முதலில் என்னைத்தான் திட்டினாள்.

"அவுர்கிட்ட போய்ப் பேசுனியா? நீயா? என்கிட்டகூட நீ அவ்ளோ நேரம் பேசுனதில்லையே."

"ஒன்கிட்ட பேச எடம் குடுத்தாதான."

அந்த முதல் வெள்ளிக்கிழமை வந்தது. தோட்டத்தில் கனல் எடுத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது கலசத்திலிருந்து ஒரு கோடு மாதிரித்தான் புகை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்துபோனேன். உடுப்பு போடாமல் நடப்பது போல இருந்தது. முதல் வரிசையைத் தாண்டும்போது அந்த வயதான அம்மா மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

"இன்னா நைனா, சாம்பிராணி தீந்துபோச்சா?"

நான் நேராகப் பீடத்துக்குப் போனேன். ஃபாதர் கலசத்தை வாங்கினார். அவர் மூச்சை அடக்கவில்லை என்று பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. பாட்டு தொடங்கியது. முதல் அடி கொஞ்சம் பயந்து வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைத் தாண்டிப் போனாள். ஃபாதர் கடைசித் தூபத்தையும் காட்டிக் கலசத்தை என்னிடம் கொடுத்தார். நான் எழுந்து, தலை வணங்கி, பக்கத்து வாசல் வழியாக வெளியே போனேன்.

தோட்டத்தில் ஒரு மண்சட்டியில் கனலைக் கொட்டி மணல் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. டீசல் வாசனையும் மண் வாசனையும் எப்போதும் போலத்தான் இருந்தன. திறந்த ஜன்னல்கள் வழியாக அவள் குரல் வெளியே வந்தது. இத்தனை வருடமும் நான் அதை முதுகால் கேட்டவன். கையில் சங்கிலி, மனதில் கனல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பதற்றம். அன்றுதான் ஒரு வேலையும் இல்லாமல் நின்று கேட்டேன். கடைசி அடியில் ஓர் இடத்தில் குரலை நீட்டிப் பிடிக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிடுவாளோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். அவள் நிதானமாக நீட்டி, வேண்டிய இடத்தில் இறக்கி, முடித்தாள். எங்கேயும் இருமல் இல்லை.

அதன் பிறகும் நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே ஃபாதர் ஜெபம் சொல்வது கேட்டது, பிறகு அதுவும் நின்று அமைதியானது. அந்த அமைதி கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. ஆசீர் கொடுக்கும் முன் ஃபாதரின் தோளில் வெள்ளைத் துகிலைப் போர்த்த வேண்டும், அதைப் போர்த்துவது என் வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் வெளியே வந்த பக்கத்து வாசலை, தூசு வருமென்று அதற்குள் யாரோ உள்பக்கம் தாழ்போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. கோவிலே திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபாதர் பீடத்தின் முன் முட்டிபோட்டபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். என் கையில் ஒன்றுமில்லை, சங்கிலிகூட இல்லை. அத்தனை கண்களுக்கும் நடுவே, வாசலிலிருந்து பீடம் வரை தனியாக நடந்தேன்.

பாதி வழியில் பாடற்குழுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. என் மனைவி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பொத்தியும் கேட்டது. அந்த மாதங்களில் கொஞ்சம் சிரித்தாலே இருமல் வந்துவிடும் என்று அவள் சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தாள். அன்று தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, முழுதாகச் சிரித்தாள். நான் துகிலை எடுத்து ஃபாதரின் தோளில் போட்ட பிறகும் அவளுக்கு அது அடங்கவில்லை.